வானை அடைத்த வான்காரர்

கிளெமென்றுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டே இரண்டு. ஒன்று குழாயில் வருவது, மற்றது துறைமுகத்துக்கு அப்பால் கிடப்பது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் கட்டியவருக்கு மழைவெள்ளத்தை மறிக்க மண்ணால் அணை கட்டுவார்கள் என்பதெல்லாம் புதினம். அதற்காக அவரை முட்டாள் என்று சொல்ல வேண்டாம். இந்தக் கதையில் முட்டாள்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு மாதாமாதம் சம்பளமும் ஜீப்பும் உண்டு.

அவர் பள்ளிக்கூட வான் ஓடுகிறவர். பழைய டொல்பின் வான். மனைவி மாலினிக்கு அடுத்தபடியாக அவர் நேசித்தது அதைத்தான், சில நாட்களில் வரிசை மாறுவதும் உண்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அதை நிறுத்த இடமில்லை. பின்னேரத்தில் திரும்பி வந்தால் யாராவது ஒருவருடைய முச்சக்கரவண்டி அவருடைய இடத்தில் நிற்கும். கத்தல், பதில் கத்தல், பிறகு அந்தோனியார் கோயில் பக்கம் போய் நிறுத்திவிட்டு நடந்து வருவது. கடைசியில் ஒருநாள் வெறுத்துப்போய், கொலன்னாவையையும் தாண்டி, தார் வீதி முடிந்து வயலும் சதுப்பும் தொடங்குகிற இடத்தில் வாடகைக்கு வீடு எடுத்தார். பிறந்த ஊரை வான் நிறுத்துவதற்காக விட்டுப்போன மனிதர் வேறு யாரும் இருக்கிறாரோ தெரியாது.

அந்தப் பக்கத்தில்தான் மண் அணை இருந்தது. இரண்டு ஆள் உயரம், மேலே புல், புல்லில் மாடுகள். பெருமழை பெய்தால் மேட்டு நிலத்து ஓடைத் தண்ணீரெல்லாம் அணைக்குப் பின்னால் தேங்கி, குழாய் வழியாக ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். அணைக்குக் கீழே ஒரு வரிசை வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் கிளெமென்ற் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்கினார். முதலாவது வீடு ஹமீமாவுடையது. அவளுடைய மகள் அர்பா முன் இருக்கைக்காக மற்றப் பிள்ளைகளோடு தினமும் சண்டை பிடிப்பாள்.

அணையின் ஒரு கரையில் அகலமான பள்ளம் ஒன்று இருந்தது. பக்கத்தில் துருப்பிடித்த பலகை. ஆங்கிலத்தைத் துரு தின்றுவிட்டது. சிங்களத்தில் ஒரு சொல், தமிழில் ஒரு சொல் மட்டும் மிச்சம். தமிழில் இருந்தது: வான்.

"மாலினி, இங்க பார்! வான் எண்டு போர்டே போட்டு வச்சிருக்கிறாங்கள். கொட்டாஞ்சேனையில இவ்வளவு வருஷம் கிடந்து செத்தம், ஒருத்தன் இடம் தந்தானா?"

இந்தப் பிழையைத் தமிழ் வாசிக்கிற வான்காரர் ஒருவரால் மட்டுமே விட முடியும். சிங்களத்தில் தண்ணீர் வழிகிற இடத்துக்கு வேறு சொல், வாகனத்துக்கு வேறு சொல். நமக்கு இரண்டும் ஒன்று. குளத்து ஊரில் பிறந்தவருக்கு வான் என்றால் குளம் நிரம்பி மிஞ்சிய தண்ணீர் பாய்ந்து வெளியேறுகிற தாழ்ந்த வாசல். கொட்டாஞ்சேனையில் பிறந்தவருக்கு வான் என்றால் நாலு சில்லு வண்டி.

கிளெமென்ற் அந்தப் பள்ளத்தில் தன் வானை நிறுத்தினார். அவரைப் பார்த்து அந்தப் பக்கத்து மற்ற வான்காரர்களும் நிறுத்தினார்கள். மழை நாளில் சில்லுகள் சேற்றில் புதைந்தன. ஆகவே எல்லோரும் சேர்ந்து அந்த வட்டாரத்துச் சபை உறுப்பினர் ஹெக்டரிடம் போய், பள்ளத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முன்னால் நின்று கேட்டவர் கிளெமென்ற்தான்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹெக்டருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பலகையில் அவருடைய மொழியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தேர்தல் வருகிறதே, பலகையைப் பார்க்க நேரமேது? இடித்த கட்டடத்துக் கல்லும் மண்ணும் டிப்பர் டிப்பராக வந்து இறங்கின. பள்ளம் அணையின் உயரத்துக்கு நிரம்பியது. மேலே கிரவல் மண் போட்டு உருட்டி, ரிபன் கட்டி, கத்திரிக்கோலைக் கிளெமென்றின் கையில் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். அணைக்குப் பொறுப்பான அதிகாரியும் ஜீப்பில் வந்திருந்தார். தன்னுடைய அணையின் கழுத்தை நெரித்துக் கட்டிய இடத்தில் சப்பாத்துக் காலோடு நின்று, பற்றீஸ் தின்று, கைதட்டிவிட்டுப் போனார். படித்த மனிதர்!

அடுத்த மாதம் சிவமணி அந்தப் பக்கம் குடிவந்தாள். குளங்களுக்கு நடுவில் வளர்ந்த வவுனியாக்காரி, வெள்ளவத்தையில் வாடகை கட்டுப்படியாகாமல் வந்தவள். மகன் கிஷாந்தை வானில் ஏற்றிவிட வந்தவள் பலகையைப் பார்த்தாள், கிரவலைப் பார்த்தாள், மேலே இருட்டிக்கொண்டு வருகிற மேகத்தையும் பார்த்தாள்.

"அண்ணை, உந்த வானை ஆர் மூடினது?"

"வானை மூடுறதோ? வான் இந்தா நிக்குது, மிஸ்."

சிவமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. விளங்கியதும் முகம் மாறிவிட்டது.

"ஐயோ அண்ணை, உது வாகனம் இல்லை. தண்ணி கூடினா வான் பாயிறதுக்கு விட்ட இடம். இதை அடைச்சா தண்ணி அணைக்கு மேலால ஏறும். மண் அணை எல்லோ, மேலால பாஞ்சா கரைஞ்சு போயிடும். கீழ சனம் இருக்குதே!"

கிளெமென்ற் கீழே பார்த்தார். ஹமீமா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஹெக்டரிடம் ஓடினார். தன் பிழையையும் மறைக்காமல் சொல்லி, திரும்ப வெட்டித் தரும்படி கெஞ்சினார். ஹெக்டர் தொலைபேசியில் ரிபன் வெட்டிய படத்தை எடுத்துக் காட்டினார்.

"கேட்டது யாரு? நீங்கதானே. வெட்டினது யாரு? நீங்கதானே. இப்ப நான் அதை உடைச்சா சனம் என்ன சொல்லும், கிளெமென்ற் அய்யே?"

அணை அதிகாரியின் கந்தோருக்குப் போனார். பெரியவர் கூட்டத்தில் இருந்தார். மறுநாளும் கூட்டம். மூன்றாம் முறை போனபோது அகப்பட்ட ஆள், நிரப்பியது சபை, ஆகவே சபையிடம் போங்கள் என்றார். சபையில், அணை எங்களுடையது அல்ல என்றார்கள். நிரப்புகிறபோது எல்லோருக்கும் சொந்தமாக இருந்த அணை, வெட்டச் சொன்னதும் அனாதையாகிவிட்டது. "தமிழ் சரியாக வாசிக்கத் தெரியாமல் வந்த வினை இது" என்று ஒருவர் சிரித்தார். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கிளெமென்ற் அந்த இடத்தில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாலினியிடம் கேட்டார். அவள் என்ன செய்வாள், பாவம்!

பிறகு மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை அல்ல, வானமே பிய்ந்து கொட்டுகிற மழை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காலையில் கிளெமென்ற் அணையில் ஏறிப் பார்த்தபோது தண்ணீர் புல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. கிரவல் தரையில் அவருடைய டொல்பின் நனைந்துகொண்டு நின்றது. ஹெக்டருடைய தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவசர இலக்கத்துக்கு எடுத்தார். அணை உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். உடைந்தால் அறிவியுங்கள் என்றார்கள்.

"உடைஞ்சா நான் ஏன்டா உங்களுக்கு அறிவிக்க வேணும்? கடலுக்குப் போற பிணம் வந்து அறிவிக்கும்!" வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்கத்தைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அதற்கு முன்பே இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தது.

ஹமீமா வீட்டில் தொடங்கி வரிசையாகக் கதவுகளைத் தட்டி, எல்லோரையும் மேட்டுப் பக்கம் போகச் சொன்னார். பிறகு வான்காரர்களைக் கூப்பிட்டார். வான்களைத் தள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பிய அதே பெக்கோக்காரனை, மண் தோண்டுகிற இயந்திரத்தோடு, பிடித்து வந்தார்கள். அவன் பயந்தான். "அணையில கை வைக்காத. நாங்கள் கொட்டினதை மட்டும் எடு" என்று சொல்லி, கிளெமென்ற் மழையில் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றார். கல்லும் மண்ணும் வாளி வாளியாக வெளியே வந்தன. மிச்சத்தை மண்வெட்டியால் இழுத்தார்கள். அடியில் பழைய சீமெந்துத் தளம் தெரிந்தபோது தண்ணீர் முதலில் நாக்கு நீட்டியது, பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பழைய வாய்க்கால் வழியாகச் சதுப்புக்குப் போனது. பின்னேரம் ஆகும்போது அணையின் புல்லுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம் விழுந்திருந்தது. கிளெமென்ற் சேற்றில் குந்தியிருந்து அழுதார்.

மழை விட்டு, பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே பொலிஸ் வந்தது. பொதுச் சொத்தான வான் தரிப்பிடத்தை உடைத்தார் என்று ஹெக்டர் முறைப்பாடு கொடுத்திருந்தார். நிலையத்தில் ஹெக்டர் வெள்ளை உடுப்போடு கதிரையில் இருந்தார். கிளெமென்ற் நின்றார்.

"அணை உடையும் எண்டு சொல்லித்தான் உடைச்சிருக்கிறார்," என்றார் ஹெக்டர், மேசையில் இருந்த சார்ஜன்டிடம். "உடைஞ்சுதா? வெள்ளம் வந்துதா? ஒரு கோழியாவது செத்துதா? இவர் சொன்ன ஆபத்து எங்க சேர்?"

நடக்காத ஒன்றைக் கிளெமென்ற் எப்படி எடுத்துக் காட்டுவது? நாலு பிணம் மிதந்திருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். ஒருவரும் சாகாதபடியால் அவர் குற்றவாளி.

அந்த நேரத்தில் ஹமீமா உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்த அர்பாவைச் சீருடையோடு கையில் பிடித்திருந்தாள். தமிழ் தெரிந்த சார்ஜன்டின் மேசைக்கு நேராகப் போய் நின்றாள்.

"எழுதுங்க சேர். எங்கட ஊட்டுக்குள்ள தண்ணி வரல்ல. அரிசிச் சாக்கு நனையல்ல. புள்ள இண்டைக்கு ஸ்கூல் போயிட்டு வந்தா. இதெல்லாம் எழுதுங்க."

சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். "அது முறைப்பாடு இல்லையேம்மா."

"இல்லதானே சேர்," என்றாள் ஹமீமா. "அதுக்குத்தான் எழுதச் சொல்றன்."