அறுந்த இரண்டாவது கேபிள்

எங்கள் மெயில் சர்வரும் டேட்டாபேஸும் செங்கல்பட்டில் இருந்தன. மாமல்லபுரம் ஆபீஸிலிருந்து அங்கே போக ஒரே கேபிள்தான். அது அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டி, வேறொரு கம்பெனியிடம் இரண்டாவது லைன் வாங்கினேன். இனி எதுவும் நிற்காது என்று மீட்டிங்கில் மார்தட்டினேன்.

ஒருநாள் காலையில் இரண்டு லைனும் போய்விட்டன. மேனேஜரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தேடிப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டி, ரோட்டோரம் பொக்லைன் தோண்டிய ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிளும் அறுந்து தொங்கின. பழைய கேபிள் பக்கத்திலேயே புதியதையும் புதைத்திருந்தார்கள். அவர்கள் புதைத்த அன்று, ரோடெல்லாம் சேறாக்குகிறார்கள் என்று திட்டிவிட்டுப் போனவன் நான்.

மேனேஜர் கத்தவில்லை. "நீ தெனம் இந்த வழியாதானப்பா வர்ற?" என்றார்.

கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.