நான் போலி என்று சொன்ன கையெழுத்து

அன்று கடையில் இருந்தது நாலே பேர். முதலாளி, நான், ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த ஒரு படகுக்காரர், அவருடைய மனைவி. எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே, படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடையில் வேலை பார்த்துவந்தேன். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை வரப்போகிறது என்று நிலம் அளந்துகொண்டிருந்த சமயம். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். எதற்கெடுத்தாலும் பயம். முப்பது வயதாகியும், கண்ணாடியில் கோடு இழுக்கும்போதெல்லாம் விரிசல் விட்டுவிடுமோ என்று அளவை இரண்டு தடவை வைத்துப் பார்ப்பேன்.

அந்த அம்மா, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்போது நாடே கொண்டாடிய ஒரு நடிகரின் படம். கீழே நீல மையில் கையெழுத்து.

"இதுக்குக் கண்ணாடி போட்டுக் குடு நைனா. ஏழு வருஷம் முன்னாடி ஏரியில ஷூட்டிங் நடந்துச்சே, அப்ப இவரு படகுலதான் அவரு தீவுக்குப் போனாரு. போறப்போ தன் படத்துல போட்டுக் குடுத்தது. எங்க குப்பத்துல ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். நீயே எழுதிக்கினியான்னு சிரிக்கிறானுங்க. இவருக்கு எழுதவே தெரியாது, எங்க இருந்து எழுதுவாரு? கண்ணாடி போட்டு ஊட்ல மாட்டிட்டா வாய மூடிக்குவானுங்க."

படகுக்காரர் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அதே நடிகரின் கையெழுத்துப் படம் இன்னொன்று எங்கள் மேஜையிலேயே கண்ணாடிக்காகக் காத்திருந்தது. உள்ளூர் ரசிகர் ஒருவர் கொடுத்தது. அந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிய கவரை உள்ளே வைத்துக் கடிதம் போட்டால், நடிகரின் வீட்டிலிருந்து கையெழுத்தோடு படம் வரும்.

"டேய், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்குமே" என்றார் முதலாளி.

அதுவரை என்னிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வைத்துப் பார்த்தேன். தபாலில் வந்த கையெழுத்து பூ கட்டியதுபோல அழகாக ஓடியது. படகுக்காரருடையது முதல் எழுத்திலேயே சாய்ந்து, நடுவில் பள்ளத்தில் இறங்கி, வால் எங்கேயோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. போலிக்குக் கண்ணாடி போட்டு, நாளைக்கு அந்த நடிகரின் ரசிகர்கள் கடைக்கு வந்து சண்டை பிடித்தால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

"இது அவரு கையெழுத்தே இல்லம்மா. சுத்தப் போலி."

அந்த அம்மா கணவரின் பக்கம் திரும்பினார். "யோவ், இன்னாயா சொல்றாரு இவரு?"

"படகுல உக்காந்துக்கினுதான் போட்டாரு" என்றார் அவர், மெதுவாக.

"படகுல ஏறுனா ஆளே மாறிடுவாராய்யா?" என்று முதலாளி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"ஏழு வருஷமா உனக்காக ஊர்ல அத்தினி பேர்கிட்டயும் சண்ட போட்டுக்கினு இருந்தேனேயா!"

படகுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அந்த அம்மா படத்தை எடுக்காமலே பின்னால் போனார். வரும்போது பக்கத்தில் ஒட்டி நடந்து வந்தவர்கள். போகும்போது இருவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சரியாகத்தானே சொன்னோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் எளாவூரிலிருந்து லாரி ஆபீஸ்காரர் ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்ததும் அதே நடிகரின் படம், தபாலில் வந்ததுதான். அளவெடுக்க, ரசிகர் கொடுத்ததோடு சேர்த்து வைத்தேன். இரண்டு கையெழுத்திலும் ஒரே சுழி, ஒரே வளைவு. கடைசியில் தெறித்த ஒரு சின்ன மைப்புள்ளிகூட ஒரே இடத்தில் இருந்தது. எனக்குத் திக்கென்றது. படத்தின்மேல் தூசி படாமல் போடுகிற மெல்லிய வெண்ணெய்த்தாளை ஒன்றின்மேல் வைத்துப் பென்சிலால் படி எடுத்து, அதை மற்றதன்மேல் வைத்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை.

வாராவாரம் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒரு வாரம் போட்டதுபோல மறு வாரம் வராது. எந்த மனிதனுக்கும் வராது. இவை இரண்டும் அச்சில் அடித்தவை. எதை அசல் என்று வைத்து அந்த மனிதரைப் பொய்யர் என்றேனோ, அதை அந்த நடிகரின் கை தொட்டதே இல்லை.

படகுக்காரரின் படத்தைத் திருப்பி, பின்பக்கம் கட்டைவிரலால் தடவினேன். பேனா அழுத்திய தடம் கோடு கோடாக எழும்பியிருந்தது. தபாலில் வந்த இரண்டின் பின்பக்கமும் வழவழவென்று இருந்தது. ஆடுகிற படகில், முழங்கால்மேல் வைத்துப் போட்டால் கையெழுத்து பள்ளத்தில் இறங்காமல் என்ன செய்யும்?

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நல்ல சட்டமா பாத்துப் போடு. நீயே எடுத்துக்கினு போ" என்றார்.

சட்டம் போட்டேன். பின்பலகையை மட்டும் அடிக்கவில்லை. பலகை, ஆணி, சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அடிப்பார்களோ என்று வழியெல்லாம் பயம்.

குப்பத்தில் அந்த அம்மா வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி படகுக்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி, "தப்பு என்னுதும்மா. இவரு சொன்னதுதான் நெசம்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்த அம்மாவின் விரலைப் படத்தின் பின்னால் வைக்கச் சொன்னேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தத் தடத்தை முதலிலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அஞ்சு நாளா இவருகிட்ட ஒரு வார்த்த பேசல நைனா. சோத்த வெச்சேன், மூஞ்சியப் பாக்கல."

படகுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான் அந்த ஆளு படம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல தம்பி. படகுல ஒரே கூட்டம், கத்துறாங்க. இவதான் அவரு படம்னா உசுர வுடுவா. எங்க ஊட்டுக்காரிக்கு ஒண்ணு போட்டுக் குடுன்னு கேட்டேன்."

"எனக்கா வாங்கினு வந்த? இத்த ஏன்யா இத்தினி வருஷமா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கையில குடுத்தவொடனே அத்தக் காட்டுறதுக்குத் தெருவுல ஓடிட்ட."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த அம்மா ஒரு இறாலை எடுத்து அவர்மேல் எறிந்தார்.

பின்பலகையை அங்கேயே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். எவ்வளவு என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப உன் சட்டத்த நீயே எடுத்துக்கினு போ" என்று அதட்டினார். மூன்றரை ரூபாய் என்று சொல்லவேண்டியதாயிற்று. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, "மீதிய அடுத்த தபா வாங்கிக்கோ. வராம இருந்துடாத" என்றார்.

அந்த நடிகர் கையெழுத்துப் போட்டதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் மையைப் பார்த்த நேரத்தில் பாதியாவது எதிரே நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் குத்தும். அதன்பிறகு எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன். மீதியை அவர்களும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்குத் தீர்ந்துவிட்டால் அங்கே போக என்ன சாக்குச் சொல்வது என்ற கவலை எனக்கு. இன்றுவரை ஒன்றரை ரூபாய் பாக்கி.