ஊமைக் கட்டை

சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஒரு கிறிஸ்தவ சபையின் ஆர்மோனியப் பெட்டியில், நடுவில் இருந்த வெள்ளைக் கட்டை ஒன்றுக்குக் குரல் போய்விட்டது. அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும். பாட்டில் அந்தச் சுரம் வருகிற இடம் பார்த்து ஜீவானந்தம் தன் கிட்டாரில் அதைச் சற்று ஓங்கி மீட்டிவிடுவான். பெட்டியில் ஒரு கட்டை ஊமை என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. அவன் வேண்டுமென்றேதான் இதைச் செய்கிறான் என்று, பெட்டி வாசிக்கிற மெர்சி அக்காவுக்கே வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்த அன்று அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கிட்டாருக்கும் எதுனா வேல வோணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஒயரைச் சுருட்டப் போய்விட்டான். அப்படிப்பட்ட மனுசன்.

மெர்சி அக்கா பால்வாடியில் ஆயா வேலை பார்த்தவர். பெட்டி அவருடைய தகப்பனார் காலத்தது. ஜீவானந்தத்துக்கு பெங்களூர் ரோட்டோரக் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டின்மேல் மெஷின் விழுகிற சத்தம் ஷிஃப்ட் முழுக்க நெஞ்சுக்குள்ளேயே விழும். காதில் பஞ்சு வைக்கச் சொல்வார்கள். வைத்தால் பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது என்று யாரும் வைப்பதில்லை. இப்படியே போய்ப் போய் அவனுக்கு வலது காது அடைத்துக்கொண்டது. இடது காதும் முன்போல் இல்லை. இதை அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. காது போனவனை லைனில் வைக்கமாட்டார்கள் என்ற பயம். லைன் சூப்பர்வைசர் அண்ணாதுரையோ அதே சபையில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர், கமிட்டி மெம்பரும்கூட.

காது மங்கியவனுக்குக் கிட்டார் சுதி கூட்டுவது பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார். அவன் கம்பியை முறுக்குவான், தளர்த்துவான், கடைசியில் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வான்.

தொண்ணூற்றி ஒன்றாம் வருசம் அறுப்பின் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்னால், பஹ்ரைனில் இருந்து வந்த அவன் மச்சான் பகலவன் ஒரு ட்யூனரைக் கொண்டுவந்து கொடுத்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். முகத்தில் ஒரு முள். கம்பியை மீட்டினால் முள் ஆடும். நடுவில் நின்று பச்சை விளக்கு எரிந்தால் சுதி சரி. காதே வேண்டாம், கண் போதும். அந்த டப்பாவைக் கையில் வாங்கியபோது ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கர்த்தர் தன் குறையைப் பார்த்து அனுப்பினார் என்றே நினைத்தான்.

பண்டிகை அன்று காலையில் காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலுமாகக் கோவில் நிரம்பியிருந்தது. அவன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து ட்யூனரை இணைத்தான். டப்பாவில் இரண்டு ஓட்டை. முதலில் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டான், முள் அசையவே இல்லை. பிறகு கிட்டார் ஒயரை ஒரு ஓட்டையிலும், அடுத்த ஓட்டையிலிருந்து குட்டை ஒயரை ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்தான். முள் துள்ளி எழுந்தது. ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா வழக்கம்போல் கட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். இன்றைக்கு வேண்டாம் அக்கா என்று அவன் கையைக் காட்டிவிட்டான்.

முதல் பாட்டு தொடங்கியதுமே ஜனங்களின் முகம் சுளித்தது. பெட்டி ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். அவனுக்கு அந்த உரசல் கேட்கவில்லை, முகங்கள்தான் தெரிந்தன. முள்ளைப் பார்த்தான். நடுவில் நின்றது. பாட்டை நிறுத்தினான். எதிரில் மைக் இருக்கிற நினைப்பே இல்லாமல் சொன்னான்:

"அக்கா, பெட்டிதான் சுதி வுட்டுட்ச்சி. இதோ, முள்ளு காட்டுது பாரு."

கோவிலுக்குள்ளும் கேட்டது, வெளியே வேப்பமரத்தில் கட்டிய குழாயிலும் கேட்டது. முதல் பெஞ்சில் அண்ணாதுரை சிரித்தார். "மெஷினே சொல்லிட்ச்சி, அப்புறம் இன்னா? பெட்டிக்கு ரிட்டையர்மென்ட் குட்த்துட வேண்டியதுதான்" என்றார். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். அக்கா துருத்தியை மடக்கிக் கொக்கியை மாட்டிவிட்டு, எழுந்து போய்ப் பெண்கள் பாயில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மிச்சப் பாட்டெல்லாம் கிட்டார் மட்டும்தான். ஆராதனை முடிந்ததும் ஆட்கள் ட்யூனரைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். பெட்டியைத் தள்ளிவிட்டுக் கீபோர்டு வாங்குவதைப் பற்றி அடுத்த ஞாயிறு கமிட்டியில் பேசிவிடலாம் என்று அண்ணாதுரை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயந்தரம் கோவிலைப் பெருக்க வந்த ஜீவானந்தம் பெட்டியைத் திறந்தான். எந்தெந்தக் கட்டை சுதி விட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால், கீபோர்டு வாங்காமல் அதையே சரி செய்யலாமே என்று அவனுக்கு ஒரு எண்ணம். ட்யூனரிலேயே ஒரு குட்டி மைக் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினான். முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்த கட்டைக்கும் அதே சாய்வு, அதற்கடுத்ததற்கும் அதே. எல்லாம் ஒரே அளவு. டப்பாவின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்த அழுத்த, முள்ளுக்குக் கீழே தெரிந்த அடிப்படைச் சுதியின் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏற்றிவிட்டு மறுபடி கட்டையை அழுத்தினான். முள் நடுவில் வந்து நின்றது. எல்லாக் கட்டைக்கும் நின்றது. ஊமைக் கட்டையில் மட்டும் காற்று வந்தது.

பெட்டி தன் சுதியில் நேராகத்தான் இருந்திருக்கிறது. டப்பாவின் சுதிக்கு ஒரு நூல் மேலே, அவ்வளவுதான். அந்தச் சுதியில்தான் சபை முழுக்கத் தொண்டை பழகியிருந்தது. கிட்டார்தான் என்றைக்கும் பெட்டியிடம் வந்து சேரும். இத்தனை வருசம் அவனே செய்த காரியம் அது. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனான். வாசலிலேயே நின்றான். பெட்டி மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தான். அக்கா முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு நிமிராமலே சொன்னார்:

"வலது காது கேக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும், ஜீவா. நான் ஏன் உன் இடது பக்கமா வந்து குந்திக்கினேன்னு நெனச்ச?"

அவனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவன் ஊமைக் கட்டையை மறைத்ததுபோல, அக்கா அவன் காதை மறைத்துக் காத்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவரைத்தான் அவன் குழாய் வைத்து ஊருக்கே கேட்க அவமானப்படுத்தியிருக்கிறான்.

ஞாயிறு கமிட்டியில் கீபோர்டு பேச்சு வந்தபோது அவன் எழுந்தான். பெட்டி சுதி விட்டது என்று தான் சொன்னதைச் சும்மா மறுத்தால் போதாது, அப்படியானால் அன்றைக்கு உனக்கே ஏன் கேட்கவில்லை என்பார்கள். அதற்கான பதில் யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவன் அஞ்சினானோ அந்த அண்ணாதுரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"பெட்டி சரியாத்தான் கீது சார். என் காதுதான் போய்ட்ச்சி" என்றான்.

இந்த முறை அண்ணாதுரை சிரிக்கவில்லை. கீபோர்டு பேச்சு அதோடு நின்றது. அடுத்த வாரம் மெர்சி அக்கா பெட்டியைத் திறந்தார். ஜீவானந்தம் எண்ணை ஏற்றி வைத்த ட்யூனரை இணைத்தான். முள் நடுவில் நின்றபிறகும் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். நிமிர்ந்து பார்க்க அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

கம்பெனியில் காதைப் பரிசோதித்தார்கள். பயந்தபடியே லைனிலிருந்து எடுத்து, ஓசூரில் இருந்த அவர்கள் யூனிட்டில் ஸ்டோர்ஸ் வேலைக்குப் போகச் சொன்னார்கள். கிளம்புகிற அன்று அக்கா சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பு வரை வந்தார். ட்யூனரைச் சபைக்கே வைத்துவிட்டுப் போவதாக அவன் சொன்னான். யாராவது புதிதாகக் கிட்டார் பிடித்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் காட்டினான். அக்கா தலையாட்டிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கேட்கிற காதை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"அந்த ஊமைக் கட்டய மட்டும் ரிப்பேருக்குக் குட்த்துடாதக்கா."