பாபநாசத்துக்குத் தவலையோடு போனோம்

இழுப்பு உள்ள குழந்தையைப் பனிக்காலத்தில் ஆற்றில் இறக்கலாமா? இறக்கிவிட்டு வந்து பல நாட்களாகியும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்; வாசக சகோதரிகள் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

என் மகள் எஸ்தருக்கு நாலு வயது. ஐப்பசி மழை தொடங்கியதும் அவள் நெஞ்சில் சீழ்க்கை ஒலி தொடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து பிளானல் சட்டை, கம்பளிக் குல்லா, வெந்நீர் என்றே அவளை வளர்த்து வருகிறேன். சென்ற கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் கணவரின் அக்காள் பாக்கியம் மதினி, ஊர் திரும்பும்போது எங்களையும் தம் ஊரான அம்பாசமுத்திரத்துக்கு அழைத்தார். பள்ளி வேலை இருந்ததால் என் கணவர் வரவில்லை. குழந்தையை ஆற்றில் குளிக்க விடலாமா என்று அவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

காலை எட்டு மணிக்கு மாட்டு வண்டியில் புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஸ்டேஷனை அடைந்தோம். சாமான்களில் பெரியது ஒரு செம்புத் தவலை. ரயிலில் எதிரில் உட்கார்ந்திருந்த கடைக்கார அண்ணாச்சி ஒருவர் அதையே வெகு நேரம் பார்த்தார்.

"கலியாணச் சமையலுக்குப் போறியளாம்மா?" என்று கேட்டார்.

பிள்ளைக்கு வெந்நீர் போட என்றேன். எங்கே என்றார். பாபநாசத்தில் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

அம்பாசமுத்திரம் இருபது மைலுக்குச் சற்று அதிகம். வழியெல்லாம் பிசானப் பருவத்து நெற்பயிர் பச்சையாக நிற்கிறது. சேரன்மகாதேவியில் அவித்த பனங்கிழங்கு விற்றார்கள், கட்டு காலணா. எஸ்தர் நாரை உரித்து உரித்து இரண்டு கிழங்கு தின்றாள். பனங்கிழங்கு குளிர்ச்சியா, சூடா என்று எனக்கு யோசனை. மேற்கே மலை நெருங்க நெருங்க அதன் மேல் மேகம் படுத்திருந்தது. மதராஸில் இருப்பவர்கள் குளிர்கால விடுமுறை என்றால் நீலகிரியைச் சொல்கிறார்கள். எங்கள் ஜில்லாவுக்கு ஒருமுறை வந்து இந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மறுநாள் இருள் பிரியுமுன் பாபநாசத்துக்குப் புறப்பட்டோம். ஆறு மைல், வண்டி போய்வரப் பன்னிரண்டு அணா. நல்ல பனி. எஸ்தரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பொழுது விடியும் நேரம் கோயில் படித்துறையில் இறங்கினோம். மழை ஓய்ந்து ஆறு தெளிந்திருந்தது. தண்ணீரின் மேல் புகை போல ஆவி எழுந்துகொண்டிருந்தது. படியோரம் முழங்கை நீள மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. கோயில் மீன்களாகையால் யாரும் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி போடுகிறார்கள். நாங்களும் அரையணாவுக்குப் பொரி வாங்கினோம். அது கோயிலுக்குச் செய்யும் காணிக்கை ஆகிவிடுமோ என்று மதினியிடம் மெதுவாகக் கேட்டேன். பசிக்கிற மீனுக்குப் போடுவதுதான் என்று சொல்லிவிட்டார்.

எஸ்தர் ஒரு பிடி பொரி போட்டுப் பார்த்துவிட்டு, படித்துறை முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, இந்த மீனுக்குக் கொழம்பு கெடையாதா?" என்றாள். எனக்கு முகம் வெளிறிவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த விக்கிரமசிங்கபுரத்து அம்மாள் ஒருவர் சிரித்துவிட்டார்.

"வேதக்காரகளா? நீங்களும் பாவத்தக் கழுவத்தான் வந்தியளா?"

"பாவத்துக்கு ஞாயித்துக்கெழம இருக்குக்கா," என்றார் மதினி. "இன்னைக்குக் குளிக்கத்தான் வந்தோம்."

நான் மேல்படிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்துத் தவலையில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பினேன். கொண்டுபோன விறகு பனியில் நமத்திருந்தது. ஊதினேன், புகைதான் வந்தது. மதினி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "ஏட்டி ஞானம், ஆத்துத் தண்ணிய அடுப்புல ஏத்துதவ இந்தச் சீமையிலேயே நீ ஒருத்திதான்" என்றார். நான் இன்னும் பலமாக ஊதினேன். அப்போது இரண்டு பையன்கள் காலைத் தண்ணீரில் வைத்து, மீன் விரலைக் கவ்வியதும் அலறிக்கொண்டு மேலே ஓடினார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எஸ்தர் உட்கார்ந்திருந்த இடத்தில் குல்லாவும் கம்பளியும்தான் இருந்தன. அவள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் படியில், மார்பளவு தண்ணீரில் நின்றாள். சுற்றிலும் மீன்கள். அவள் ஓடவில்லை.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "மேல வா, குளிரும்" என்றேன். என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்குக் குளிரலம்மா. ஒனக்குத்தான் குளிருது" என்றாள்.

தூக்கிவிட வேண்டும் என்றுதான் குனிந்தேன். கை தண்ணீருக்குள் போனதும் நின்றுவிட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியில் வீசிய காற்றுதான் குளிர். ஈரத்தோடு அவளை அந்தக் காற்றில் எடுப்பதா, அங்கேயே விடுவதா? டாக்டர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேலையோடு நானும் இறங்கினேன். வெயில் படிக்கு வரும்வரை மூவரும் தண்ணீரிலேயே இருந்தோம். எஸ்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முங்கி எழுந்தாள். விக்கிரமசிங்கபுரத்து அம்மாள் துவைப்பதை நிறுத்திவிட்டு, "சிங்கக்குட்டி" என்றார். பெருமையாக இருந்தது. ஓடிப்போன பையன்கள் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தவலைத் தண்ணீர் பிற்பாடு நன்றாகக் கொதித்தது. வண்டிக்காரர் அதைத் தம் சுளுக்குக் காலுக்கு ஊற்றிக்கொண்டு, இனி வரும்போதெல்லாம் கொண்டு வரவேண்டும் என்று சொன்னார்.

சாப்பாடு முடிந்து கல்யாண தீர்த்தத்துக்கு ஏறினோம். மழைக்குப் பிந்திய அருவி, பேச்சுக் கேளாதபடி இரைகிறது. சாரல் முகத்தில் படுவதற்காகவே இந்தக் காலத்தில் அங்கே போகவேண்டும். வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிற என் பெண், அந்தக் கல்பாதையை இடுப்பில் ஏறாமல் நடந்தே ஏறினாள். அருவிக்கு எதிரில் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை. மதினி வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி வைத்துக் கேட்டேன். சீழ்க்கை இல்லை.

நாலாம் நாள் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். வந்த மறுநாள் எஸ்தர் மூன்று தும்மல் போட்டாள். ஆற்றினாலா, ரயில் கரியினாலா? ஏறி நடந்ததை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்ட நான், தும்மலைப் பற்றி என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மறுபடியும் "உன் இஷ்டம்" என்றார்.

இங்கே எங்களுக்குக் கிணறுதான். ஆறு பக்கத்தில் ஓடினாலும் தினமும் போக வழியில்லை. தவலையைப் பழையபடி அடுப்பில் ஏற்றினேன். எஸ்தர் அதன் பக்கம் வருவதில்லை. பொழுது விடிந்ததும் தன் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் போய் நிற்கிறாள். பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா? இழுப்புக் குழந்தைகளை வளர்த்த சகோதரிகள் தயவுசெய்து எனக்கு எழுதவேண்டும். வேண்டாம் என்று எழுதுகிறவர்கள், அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.