கோர்ட்டுக்கு வந்த அங்கிள்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, இதை அழாமல் எழுதி முடிக்கப் பலம் தாரும் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எங்கள் மகள் ஜெனிதாவை விட்டுவிட்டு வெளிநாடு போக வேண்டிய நிலை எனக்கு வந்தது. அந்த நாட்களில் சோறு இறங்காது. ஜெபிக்க வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

என் பெயர் மெர்சி. இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரத்தினபுரியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். பெரியவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் படுக்கை மாற்றுவதும் என் வேலை. அந்த அனுபவத்தை வைத்து இங்கிலாந்தில் இதே வேலைக்கு விசா கிடைக்கும் என்றார்கள். தற்காலிக விசாதான். ஆனாலும் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. என் கணவர் செல்வராஜ் தோட்டத்து லொறி டிரைவர். “மழை பெஞ்சா லயத்து வீட்டுல சட்டிய வச்சுத் தண்ணி புடிச்சது போதும், போவோம்” என்றார்.

கொழும்பில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். மூத்தவள் ஜெனிதா, இளையவன் கெவின். நான் சொல்வது பொய் என்று எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை. அங்கிருந்த மிஸ் ஜெனிதாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அம்மா பேரு சாந்தின்னு இருக்கே. நீங்க யாரு?”

“சாந்தி எங்க அக்காங்க, மிஸ். டெங்கு வந்து செத்துப் போச்சு. நான் சின்னம்மா.”

“அப்ப இது உங்க புள்ள இல்லையே.”

“அக்கா புள்ள என் புள்ளதானேங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இங்க சரிம்மா. அந்த நாட்டுல நீங்க வெறும் ஆன்ட்டி. ஆன்ட்டி கூட்டிட்டு வர்ற புள்ளைக்கு விசா குடுக்க மாட்டாங்க.”

நம் தோட்டங்களில் அக்கா கண்ணை மூடினால் அவள் பிள்ளை தங்கச்சி மடிக்கு வரும். அதற்காக யார் கோர்ட்டுக்குப் போகிறோம்? போனால் ஊரே சிரிக்கும். பால்குடி மறக்காத பிள்ளையாக என் கைக்கு வந்தவள் அவள். என்னைத்தான் அம்மா என்பாள். வேறு ஒரு அம்மா இருந்ததே அவளுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

கோர்ட்டில் தத்தெடுத்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார் அந்த மிஸ். அதற்குப் பெற்ற தகப்பன் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். அக்காவைப் புதைத்த அன்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போன மனிதர் சிவா அத்தான். அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில் வேலை செய்கிறார், குடித்துத் திரிகிறார் என்று காதில் விழும். எனக்கு அவர் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் லொறி ஓட்டும் வழியெல்லாம் விசாரித்தார். பெல்மதுளைப் பக்கம் குழி குழியாகப் போய்க் கேட்டார். ஒரு தகவலும் இல்லை. இங்கிலாந்தில் வேலை கொடுத்தவர்கள் எப்போது வருகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் மாமியார், “அவள ஹாஸ்டல்ல வுட்டுட்டுப் போங்களேன், பொறவு பாத்துக்கலாம்” என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெனிதா அதைக் கேட்டுவிட்டாள். சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் சத்தம் போடாம இருப்பேன். நெறையச் சாப்பிட மாட்டேன். அப்பயும் பிளேன்ல எடமில்லையா?”

அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நம் சபையில் உபவாச ஜெபம் வைத்தோம். பாஸ்டர் என்னிடம், “அவரு கெடைக்கணும்னு மட்டும் கேக்காதீங்க சிஸ்டர். அவருக்காகவும் கேளுங்க” என்றார். எனக்கு அது முடியவில்லை. “ஆண்டவரே, அந்த ஆளைக் கொண்டுவாரும், கையெழுத்துப் போட்டதும் திரும்பக் கொண்டுபோய்விடும்” என்றுதான் ஜெபித்தேன். ஆண்டவருக்கே உத்தரவு போடுகிற வாய் எனக்கு.

சில நாட்களில் முதியோர் இல்லத்துக் கேட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே முழங்கால் வரை களிமண்ணோடு ஒருவர் நின்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சிவா அத்தான் என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. லொறிக்காரத் தமிழர் ஒருவர் இந்த இல்லத்துக்கு வரச் சொல்லித் தேடுகிறார் என்று குழியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியே மேலே ஏறி, பஸ் பிடித்து வந்திருக்கிறார். இந்த முகத்துக்கு என்று பல வருஷமாகத் திட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

“மெர்சி, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?”

பிள்ளைக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் ஓடி வந்திருக்கிறார். என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் சம்மதிக்கலைன்னா?”

“புள்ளய இங்க வுடணும். இல்லாட்டி நாங்க யாரும் போகல.”

“சம்மதிச்சா நான் அவளுக்கு யாரு?”

கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “சரி. எப்ப வரணும்னு சொல்லுங்க. புள்ளகிட்ட என்னைய யாருன்னு சொல்லாதீங்க” என்றார்.

விசாரணைக்கு இரத்தினபுரிக் கோர்ட்டுக்குப் போனோம். அத்தான் முந்தியே வந்து நின்றார். சவரம் செய்து, மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருந்தார். தயங்கித் தயங்கி வந்து ஜெனிதாவிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார்.

“தாங்க்ஸ் அங்கிள்” என்றாள் அவள்.

“நல்லாப் படிங்க பாப்பா” என்றார். பெற்ற பிள்ளையை ‘ங்க’ போட்டுப் பேசினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிள்ளையை வெளியே என் கணவரோடு இருக்கச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி ஐயா சிங்களத்தில் என்னைக் கேட்டார், புஞ்சி அம்மாவா என்று. சிங்களத்திலும் அம்மாவின் தங்கச்சி சின்ன அம்மாதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. ஆமாம் என்றேன். பிறகு அத்தானைப் பார்த்து, பிள்ளையை இவர்களுக்குக் கொடுக்க உமக்குச் சம்மதமா என்று கேட்டார். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: “நான் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை ஐயா. பிள்ளை அவர்களுடையதுதான்.”

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் நடக்கத் தொடங்கிவிட்டார். “அத்தான், சாப்பிட்டுட்டுப் போவோம்” என்று கூப்பிட்டேன். “இல்ல மெர்சி, குழியில தண்ணி எறைக்கணும்” என்றார். ஜெனிதா கையசைத்தாள். அவரும் அசைத்தார். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் அந்தப் புதுச் சட்டை மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஜெபித்தேனே, கொண்டுவாரும், கொண்டுபோய்விடும் என்று. கேட்டது ஒரு எழுத்துக் குறையாமல் நடந்தது. அன்று ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அழத்தான் முடிந்தது.

தத்தெடுப்புக் கட்டளை வந்தது. குடும்பமாகப் போகும் வழி அடைபடுவதற்குள் நால்வருக்கும் விசா கிடைத்தது. இங்கே குளிர் எலும்பைத் தின்கிறது. யாரோ பெற்றவர்களைக் குளிப்பாட்டி, கெவினையும் ஜெனிதாவையும் பள்ளிக்கு அனுப்பி நாட்கள் ஓடுகின்றன. விசா முடிந்தால் நீட்டித் தருவார்களோ, திரும்பிப் போவோமோ தெரியாது. அந்தக் கவலையைக் கர்த்தர் கையில் விட்டுவிட்டேன்.

ஒரு சாயந்திரம் ஜெனிதா கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். “அம்மா, கோர்ட்டுக்கு வந்த அங்கிளுக்கும் என்னைய மாதிரியே பல்லும்மா” என்றாள். இனி மறைக்கக் கூடாது என்று தோன்றியது. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாந்தி அக்காவைப் பற்றியும் சொன்னேன். அவள் அழவில்லை. ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அவரு ஏம்மா சொல்லல?” என்றாள்.

“சொல்லியிருந்தா நீ அப்பான்னு கூப்பிட்டிருப்ப. அதுக்கப்புறம் அவரால கையெழுத்துப் போட்டிருக்க முடியாது, கண்ணு.”

அன்று குடும்ப ஜெபத்தை நானே நடத்துகிறேன் என்றாள். “ஆண்டவரே, குழிக்குள்ள எறங்கின எங்க அப்பா பத்திரமா மேல ஏறி வரணும்” என்று ஜெபித்தாள். என் கணவர்தான் முதலில் ஆமென் சொன்னார்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அன்பானவர்களே, வழி அடைபட்டு நிற்கிறவர்கள் நம் ஆண்டவரிடம் கேளுங்கள். கட்டாயம் தருவார், எனக்குத் தந்தார். தந்த பிறகு, அதை யார் கையிலிருந்து எடுத்துத் தந்தார் என்று திரும்பிப் பாருங்கள். அந்தக் கை வெறுங்கையாக வீட்டுக்குப் போயிருக்கும். அதற்காகவும் ஜெபியுங்கள்.