ஹரிப்பிரியாவின் பாலைவன மழை

மின்னல் வெட்டியதும் ஹரிப்பிரியாவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். அர்ச்சுனன், பல்குணன், பார்த்தன், கிரீடி என்று அர்ச்சுனனின் பத்துப் பெயர்களையும் நிதானமாகச் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இடிக்குப் பயந்த பிள்ளைக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது. இப்போது அது அவளுக்குக் கடிகாரம். மூன்று சுற்று முடிந்த பிறகு இடி கேட்டால் மழை தூரத்தில் இருக்கிறது, கேமரா பக்கத்தில் நிற்கலாம். அதற்குள் கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காருக்குள் ஓடிவிடுவாள்.

"அர்ஜுனன் காப்பாத்துவார்னு நிக்கிற ஆள் இல்ல நான். ஓடணுமா வேண்டாமான்னு அவர்கிட்ட கேட்டுக்குவேன், அவ்வளவுதான்."

வயது முப்பத்திரண்டு. சிட்னியின் மேற்குப் புறநகர் நார்த்மீட்டில் வீடு. பகலில் பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போடுகிறாள். "மழை எந்தப் பக்கம் போகணும்னு பகல்ல நான் சொல்றேன். சாயங்காலமானா அது என் பேச்சைக் கேக்காது" என்று சிரிப்பாள். சமைக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் போனில் மழை ரேடார் ஓடிக்கொண்டிருக்கும். குக்கர் விசிலை எண்ணுவது கணவன் சுதர்சனின் வேலை. கல்யாண வரவேற்புகளில் மழை வரும் மேற்குப் பக்கம் ஜன்னல் உள்ள மேஜையைத்தான் பிடிப்பாள். மின்னலைப் படமெடுக்கப் பட்டுப்புடவையோடு பாதி விருந்தில் எழுந்து போனதும் உண்டு. அப்படிப் போவதற்கென்றே காரின் பின்சீட்டில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடக்கும்.

காற்றில் கேமரா ஸ்டாண்ட் ஆடாமல் இருக்க, அதன் அடியில் உள்ள கொக்கியில் ஹாரிஸ் பார்க் இந்தியக் கடையில் வாங்கிய ஐந்து கிலோ இட்லி அரிசிப் பையைத் தொங்கவிடுவாள். பை நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் அரிசியை அப்படியே ஊறப்போட்டுவிடுவாள். நல்ல இடி மழைக்கு மறுநாள் அந்தத் தெருவில் இருக்கும் நாலு தமிழ் வீடுகளுக்கும் மாவு போகும்.

அவள் எடுத்ததில் அவளே பெரிதாக நினைக்கும் படம் சிட்னியில் எடுத்தது அல்ல. வடக்கே பெய்ய வேண்டிய பருவமழை சில ஆண்டுகளில் தெற்கே பாலைவனம் வரைக்கும் இறங்கிவிடும். போன பிப்ரவரியில் அப்படி இறங்கியபோது, லீவு போட்டுவிட்டுத் தனியாக ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி, புரோக்கன் ஹில்லுக்கு அப்பால் ஒரு மேட்டில் போய் நின்றாள். கீழே அடிவானம் வரை செம்மண். மேலே கருநீல மேகம். மேகத்திலிருந்து இறங்கும் மழை தரையைத் தொடாமல் பாதியிலேயே காய்ந்துபோகிறது. அதன் நடுவே ஏழு மின்னல்கள், ஒரே படத்தில்.

அந்த ஏழுதான் வம்பாகிவிட்டது. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் புகைப்படக் கண்காட்சி. பொறுப்பாளர் வாசுதேவன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அங்கிள். படத்தைப் பார்த்ததும் வாட்ஸப் குழுவில், 'இது ஏஐ போட்ட படம்தானே?' என்று யாரோ ஆரம்பித்தார்கள். 'பாலைவனத்துல ஏது மழை?' என்றார் இன்னொருவர். வாசுதேவன் போனில் சமாதானம் பேசினார்.

"கீழ சின்னதா 'ஏஐ உதவியுடன்'னு போட்டுடலாமா? யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் பாரு."

"எனக்கு இருக்கே அங்கிள்."

"சரி, அப்ப ஒரிஜினல் ஃபைலையாவது அனுப்பும்மா. பார்த்துட்டுப் போட்டுடறேன்."

"நம்ம சங்கத்து சஞ்சீவ் ஒரு கோவாலா கரடி படம் குடுத்திருக்கான். அதுக்கு ஃபைல் கேட்டீங்களா?"

"கோவாலாவை யாரும் சந்தேகப்படலையேம்மா!"

கேமராவில் பதிவான அசல் ஃபைல் அவள் கணினியில்தான் இருந்தது. அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. சுதர்சனும் அதையே சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். படித்ததற்கு அத்தாட்சி, ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி, வேலை பார்த்ததற்கு அத்தாட்சி, கட்டிய கணவனோடுதான் வாழ்கிறாள் என்பதற்கும் போட்டோக்களோடு அத்தாட்சி. விசாவுக்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத்தான் இந்த நாட்டில் நிற்கிறாள். இந்தப் படத்தை எடுக்க யாரும் அவளைக் கேட்கவில்லை. அதற்கும் ஏன் கொடுக்க வேண்டும்? வீம்பு பிடிக்கிறோமோ என்று அவளுக்கே சில சமயம் தோன்றும். தோன்றினாலும் அனுப்பவில்லை. அவள் சொல்லை நம்பி மாட்டட்டும், இல்லையென்றால் மாட்ட வேண்டாம்.

கண்காட்சிக்கு முந்தைய சனிக்கிழமை மேற்கே மேகம் திரண்டபோது அவளே வாசுதேவனைக் கூப்பிட்டாள். "ஃபைலெல்லாம் தரமாட்டேன். மின்னல் எப்படி எடுக்கறதுன்னு வேணும்னா காட்டறேன். வர்றீங்களா?"

வந்தார். சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலை விளிம்பில், கீழே சிட்னி முழுவதும் பரந்து கிடப்பதைப் பார்க்கிற ஒரு லுக்அவுட் மேட்டில் காரை நிறுத்திவிட்டு, மழை தலைக்கு மேல் கடந்துபோகும்வரை இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கார்க் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சுவேதவாகனனை விட்டுட்டியேம்மா" என்றார் வாசுதேவன்.

"பயத்துல ஒண்ணு ரெண்டு விழும் அங்கிள்."

"பயமா? உனக்கா?"

"பின்னே? பயம் போயிடுச்சுன்னா வீட்லயே இருக்க வேண்டியதுதான்."

மழை கிழக்கே நகர்ந்து, மூன்று சுற்றும் தாண்டி இடி கேட்கத் தொடங்கியபோது இறங்கினார்கள். அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அவள் ஷட்டரைத் திறந்துவிட்டு, "மூடற வரைக்கும் மின்னலை எண்ணுங்க" என்றாள். சமவெளிக்கு மேல் ஒரு மின்னல் வெட்டியது. பிறகு இரண்டு. அரை நிமிடம் கழித்து ஷட்டர் மூடியபோது அவர் ஐந்து வரை எண்ணியிருந்தார். கேமராவின் திரையில் ஐந்தும் ஒன்றாக நின்றன. கீழே நகரத்தின் விளக்குகள், தூரத்தில் கோபுரக் கட்டடங்கள், ஈரத்தில் மின்னும் நெடுஞ்சாலை. அவள் சிட்னியில் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

"அடேயப்பா!" என்று வாசுதேவன் திரைமேல் குனிந்தார். "திறந்தே வச்சிருந்தா வந்ததெல்லாம் ஒண்ணா விழுந்துடுதா! இது தெரியாம பேசிட்டோம்மா."

"இப்பத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது. நானே சாட்சி. இதையே மாட்டிடுவோம். நம்ம சிட்னி, எல்லாருக்கும் புரியும். ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்."

"அப்போ பாலைவனம்?"

"அது எதுக்கும்மா? திரும்ப அதே பேச்சு வரும். கையில இவ்வளவு நல்ல படம் இருக்கும்போது... உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மாட்டினா பாலைவனம்தான் அங்கிள்" என்றாள் ஹரிப்பிரியா. கேமராவை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி, ஐந்து மின்னல்களையும் அவர் நன்றாகப் பார்க்கும்படி பிடித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கவா என்று கேமரா கேட்டது. வாசுதேவனின் கை பதறி முன்னே வருவதற்குள், அவள் கட்டைவிரல் இன்னொரு முறை அழுத்தியது.