ஃப்ரிட்ஜில் இதயம், பாத்ரூமில் கிட்னி, பரீட்சை ஹாலில் நான்

இன்று காலை பரீட்சை ஹாலில் என் விடைத்தாளை மேடம் பிடுங்கிக்கொண்டார்!

காப்பி அடித்தாயா என்று கேட்காதீர்கள். அடித்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்கு வயது முப்பத்து நான்கு. ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. எட்டு வருடமாக கான்ட்ராக்ட்தான். பத்தாவது பாஸ் செய்தால் பெர்மனென்ட் என்று சொல்லிவிட்டார்கள். நான் அந்தக் காலத்திலேயே சயின்ஸில் கோட்டை விட்டவள். (மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ்! இதையும் சொல்லிவிட வேண்டும்.) இந்த முறை விட்டால் பெர்மனென்ட் கனவு அவ்வளவுதான்.

என் ஞாபகசக்தி எப்படிப்பட்டது தெரியுமா? வீட்டில் படித்தது கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

வல்லாரைக் கீரை தின்றேன். கீரை வாங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் லைனில் நிற்கும்போது உறைத்தது. ஒரு பாகத்தில் பதினாலு இடம் பார்க்கிறேன், ஒன்றுகூட மறப்பதில்லையே!

எங்கள் லைனில் ஒரு வழக்கம். ஒவ்வொரு இடத்தையும் விரலால் சுட்டி, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லி, 'ஓகே!' என்று கத்த வேண்டும். பதினாலும் முடிந்ததும் பாகத்தை வலது பக்கம் தள்ள வேண்டும். அடுத்த ஸ்டேஷன்காரர் வாங்கிக்கொள்வார். மனதுக்குள் சொன்னால் சூப்பர்வைசரிடம் திட்டு விழும்.

அன்றே வீட்டை லைனாக மாற்றினேன்!

ஃப்ரிட்ஜ்தான் இதயம். மேல் தட்டு இரண்டும் ஆரிக்கிள், கீழ் தட்டு இரண்டும் வென்ட்ரிக்கிள். மிக்ஸியில் ஓம் விதி. பாடம் முடிந்ததும் நோட்டை வலது பக்கம் தள்ளுவேன். அங்கே என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருப்பார். (அடுத்த ஸ்டேஷன். சம்பளம் கிடையாது.)

"இன்னாடி, கிட்னி எங்க கீது?"

"பாத்ரூம்ல கீது. முதல்ல நீ இதயத்த சாத்துயா, கரன்ட் பில்லு ஏறுது!"

இரண்டு மாதம் இப்படியே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது!

இன்று சயின்ஸ் பரீட்சை. இதயத்தின் அமைப்பை விவரி என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண் முன்னால் ஃப்ரிட்ஜ் வந்து நின்றது. விரலை நீட்டினேன்.

"வலது ஆரிக்கிள் ஓகே!"

ஹாலே திரும்பிப் பார்த்தது.

"யாருக்குமா சிக்னல் குடுக்கற?" என்று மேடம் ஓடி வந்தார்.

"சிக்னல் இல்ல மேடம், செக்கிங்."

"வாயத் தொறக்காம எழுது!"

சரி என்று, வாய்க்குள் முணுமுணுத்தபடியே எழுதினேன். நாலு அறை, வால்வு எல்லாம் வரிசையாக வந்தது. படம் வரைந்து, பாகம் குறித்து, கடைசி ஓகேயும் போட்டாயிற்று.

அப்புறம் என் கை என்னைக் கேட்கவில்லை. விடைத்தாளை அப்படியே வலது பக்கம் தள்ளிவிட்டேன்!

இதைவிடக் கொடுமை, வலது பெஞ்சில் இருந்த ஒரு அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். மூலையில் ஒரு டிக் போட்டார். தன் வலது பக்கம் வைத்துவிட்டு, மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்!

மேடம் பாய்ந்து வந்து இரண்டு பேர் விடைத்தாளையும் பிடுங்கினார். பேப்பரை கேன்சல் செய்யச் சொல்லி மேலே எழுதப்போவதாகச் சொன்னார். எட்டு வருஷ கான்ட்ராக்ட் எண்பது வருஷம் ஆகிவிடும் போலிருந்தது. அழுதேவிட்டேன்.

மேடம் அந்த அண்ணனைப் பிடித்தார்.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"ஸ்ரீபெரும்புதூர்ல மேடம். ஊரு தூத்துக்குடி. செக்கிங்தான் பாக்கேன்."

"இந்தப் பேப்பர வாங்கி என்ன பண்ணீங்க?"

"டிக் போட்டேன் மேடம்."

"என்ன பாத்து போட்டீங்க?"

"ஒண்ணும் பாக்கல மேடம். சாமான் வரும், டிக் போடுவேன், போயிரும். அம்புட்டுதான்."

மேடம் நம்பவில்லை. அந்த அண்ணனின் விடைத்தாளைப் புரட்டினார். அவர் எழுதிய இதயத்துக்கு இரண்டே அறைதான் இருந்தது! என் பேப்பரை ஒரு விநாடி பார்த்திருந்தால்கூட நாலு என்று எழுதியிருப்பார்.

மேடம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, இரண்டு பேருக்கும் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். என் வலது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி ஒரு பெஞ்சில் என்னை மாற்றி உட்கார வைத்தார். மீதி எல்லாக் கேள்வியும் எழுதினேன். பாஸ் ஆகிவிடுவேன்!

வெளியே வந்ததும் அந்த அண்ணனைத் தேடிப் போய்க் கும்பிட்டேன்.

"அண்ணே, நீ பாக்காம டிக் போட்டதாலதான் நான் தப்பிச்சேன். ஆமா, கம்பெனில இன்னா பார்ட்டு செக்கிங்?"

"பிரேக்கு, தங்கச்சி."

நண்பர்களே, உங்கள் வண்டி எந்த வருஷத்து மாடல்?